தோட்ட வேலையில் கை போனால்: ஊர்ப் பேச்சா, தொழிலாளர் ஆணையரா?

தோட்டத்து வேலையில் அடிபட்டவர் இழப்பீடு கேட்க மூன்று வழிகள் உண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி ஒரு தொகையை வாங்கிக்கொள்ளலாம். அரசு உதவிக்கும் வங்கிக் காப்பீட்டுக்கும் எழுதிப் போடலாம். இல்லாவிட்டால் வேலை கொடுத்தவர் மேல் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு போடலாம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த என் மச்சினனுக்கு, மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் வலது கையில் மூன்று விரல் போனபோது இந்த மூன்றையும் யோசித்துப் பார்த்தோம். மனுதான் போட்டோம். இன்னொருவர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அரசு உதவியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011 முதல் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் உறுப்பினர் ஆகலாம். விண்ணப்பம் விஏஓ வழியாகப் போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவாகும். நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கு விபத்து மரண உதவியை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், உறுப்பு இழப்புக்கு 20,000-லிருந்து 1 லட்சமாகவும் உயர்த்துவதாக 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா இன்னொன்று. இறந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ முழுதாகச் செயலிழந்தால் 1 லட்சம். விரல் போனதெல்லாம் அதில் சேராது. இரண்டுமே இருக்க வேண்டியவை, கட்டாயம் சேர்ந்து வையுங்கள். ஆனால் இவை அரசும் காப்பீட்டு நிறுவனமும் தரும் உதவி. வேலை கொடுத்தவர் தர வேண்டிய இழப்பீடு வேறு.

அடுத்தது ஊர்ப் பேச்சு. இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: பணம் உடனே கைக்கு வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, வீட்டில் கூலி நின்றுபோயிருக்கும்போது, அது சின்ன விஷயம் இல்லை. எங்களிடமும் தோட்டத்துக்காரர் தரப்பில் வந்து, "ஆஸ்பத்திரிச் செலவு பூரா எங்களுதுங்க, மேல ஒரு லட்சம் தர்றோம், ஊருக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போனது: மெஷின் ஓடும்போது கையை உள்ளே விட்டது யார் தப்பு?

சட்டம் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின்போது வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி கொடுத்தாக வேண்டும். கவனக்குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. குடிபோதையால் நடந்தது, பாதுகாப்புக்கு வைத்த மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த விலக்குகளும் பொருந்தாது. நிலம் உழுவது, ஆடுமாடு வளர்ப்பது, மருந்து அடிப்பது, மெஷினில் அறுப்பது, டிராக்டர் ஓட்டுவது, மரம் வெட்டுவது எல்லாமே அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. தினக்கூலி என்பதால் யாரும் விடுபடுவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அடிப்படை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. உங்கள் விபத்துத் தேதிக்கு எது பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகை எப்படி வருகிறது என்று ஒரு கணக்கைப் பார்ப்போம். நாற்பது வயது, மாதம் 12,000 சம்பளம், ஒரு கையில் மூன்று விரல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 7,200. நாற்பது வயதுக்குச் சட்டம் தரும் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 184.17. பெருக்கினால் 13,26,024. மூன்று விரலுக்கு அட்டவணை சொல்வது 30 சதவீதம். ஆக 3,97,807 ரூபாய். கட்டைவிரல் மட்டும் போனாலும் இதே 30 சதவீதம்தான். நான்கு விரல் என்றால் 50. சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள், 2020 முதல் அதுதான் உச்சவரம்பு. இதற்கு மேல் மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரலாம். அந்த ஒரு லட்சத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் மனுவுக்குச் சம்மதித்தார்கள்.

"இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்" என்று ஊரில் எழுதிக் கொடுத்துவிட்டால்? இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பேசி முடிப்பதானாலும் அதை, இந்த மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். மரணம் என்றால் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது பெரும்பாலும் கணக்கில் வராது. இது தெரியாமல் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்கும் தோட்டத்துக்காரர்களும் உண்டு.

சரி, சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் ஏன் பலர் ஒன்றும் வாங்காமல் போகிறார்கள்? ஆதாரம் இல்லாததால்தான். இவர் அவரிடம்தான் வேலை பார்த்தார், அந்த வேலையில்தான் அடிபட்டார் என்பதை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. தோட்ட வேலையில் நியமனக் கடிதமும் சம்பள ரசீதும் எங்கே இருக்கின்றன? எதிர்த்தரப்பு பதில் மனுவில் முதலில் சொல்வதே "இவர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை" என்பதுதான். கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வருவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். அவர்கள் நாளைக்கும் அதே தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் காகிதம்தான் பேச வேண்டும்.

அதில் முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் எழுதும் ஏஆர், அதாவது விபத்துப் பதிவேடு. அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு, பதிலை அதில் இரண்டு வரியில் எழுதுவார். அந்த இரண்டு வரி வழக்கின் பாதி. பெரும்பாலும் தோட்டத்துக்காரர் காரில்தான் கூட்டிப் போயிருப்பார்கள். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று "வீட்டில் விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி எழுதிவிட்டால் பிறகு எந்தச் சாட்சி வந்தாலும் குறுக்கு விசாரணையில் அந்த வரியைத்தான் எடுத்து வைப்பார்கள். வலியில் இருப்பவருக்குப் பேச வராது. அதனால் கூட ஓடுகிற சொந்தக்காரர், யாருடைய தோட்டம், எந்த மெஷின், எத்தனை மணி என்று மூன்றையும் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் என் மாமியார் பக்கத்தில் நின்று தோட்டத்துக்காரர் பெயரோடு சொன்னார். பின்னால் மனு நின்றது பெரும்பாலும் அதில்தான்.

மற்ற ஆதாரங்கள் எங்கெங்கேயோ கிடக்கும், தேடி எடுக்க வேண்டும். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்த வரவுகள் போதும். கையில் கொடுத்திருந்தால் முன்பணம் எழுதிய சின்ன நோட்டு. என் மச்சினன் தினமும் பண்ணைப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவான். கணக்கு தோட்டத்துக்காரர் பேரில் இருந்தாலும், பால் கொண்டுவந்தது இவன்தான் என்று செயலாளர் வந்து சொன்னார். அவர் அந்தத் தோட்டத்தை நம்பிப் பிழைப்பவர் இல்லை, அதனால் சொல்ல முடிந்தது. மெஷினை அது நின்ற இடத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். வாரம் போனால் அது வேறு கொட்டகைக்குப் போய்விடும். சம்பளத்துக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டால், விவசாய வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியையாவது கணக்கில் எடுக்கக் கேட்கலாம்.

மனுவின் குறை நேரம். வருடக்கணக்கில் இழுக்கும், எங்களுக்கும் இழுத்தது. விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் உள்ளவர்கள்தான் இதை விசாரிக்கிறார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, தொழிலாளி குடியிருக்கும் பகுதிக்கான அலுவலகத்திலும் போடலாம். வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

டிராக்டர் சம்பந்தப்பட்ட விபத்தில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் என்ற வழியும் திறக்கும். அங்கே சம்பள உச்சவரம்பு கிடையாது, வலி வேதனைக்கும் தனித் தொகை உண்டு. ஆனால் ஓட்டியவர் மேல் தவறு என்று காட்ட வேண்டும், 2022 முதல் ஆறு மாதக் கெடு வேறு. இரண்டு இடத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் எது லாபம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மட்கார்டில் உட்கார்ந்து போனவருக்கு டிராக்டர் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்காரர் இரண்டு ஏக்கர் வைத்துக் கடனில் இருப்பவராக இருந்தால், நானும் ஊர்ப் பேச்சையே யோசிப்பேன். உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் வருவாய்த் துறை வழியாக நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், இல்லாதவரிடம் எதை வசூலிப்பது? அப்போதும் பேசிய தொகையை எழுதி ஆணையரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆள் வைத்து மெஷின் ஓட்டும் தோட்டத்துக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி கிடைக்கிறது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிற வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒன்றை எடுத்து வைத்தால், இந்தப் பணம் தோட்டத்துக்காரர் கைக்காசிலிருந்து போகாது.