போர்ட் ஃபார்வார்டிங் உள்ள விபிஎன்: மூன்று ஆண்டுகளுக்குப் பின்

நான் பயன்படுத்தும் விபிஎன்னின் ஓராண்டுச் சந்தா விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர், டொரண்டுக்கு (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாக ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை) அதை வாங்கலாமா என்று கேட்டார். வேகத்தில் எனக்குக் குறையில்லை. பயனர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்து வைக்கச் சொன்ன 2022-ஆம் ஆண்டின் செர்ட்-இன் (இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) ஆணைக்குப் பிறகு பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களை அகற்றிக்கொண்டதால் சிங்கப்பூர் வழியாகவே இணைகிறேன். அப்படியும் டெபியன் லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைல் மளமளவென்று இறங்கிவிடுகிறது.

சிக்கல் பகிர்வதில்தான். வீட்டு பிராட்பேண்ட் சிஜிநாட்டுக்குப் பின்னால் (பல வீடுகளுக்கும் ஒரே பொது ஐபி முகவரி) இருப்பதால், ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எதிர்முனையில் இருப்பவரும் இப்படியே அடைபட்டிருந்தால் பெரும்பாலும் இருவரும் இணையவே வழியில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை விபிஎன் தன் போர்ட் ஒன்றின் வழியாக நம் கணினிக்கு அனுப்பிவைப்பதே போர்ட் ஃபார்வார்டிங். அப்படி விபிஎன் தந்த போர்ட் எண்ணை முதன்முதலாக க்யூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் செயலியில் இட்ட அன்று, மாதக்கணக்கில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு பழைய ஒலிப்பதிவுத் தொகுப்பை என்னிடமிருந்து ஆறேழு பேர் எடுக்கத் தொடங்கினர். அந்த மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் போர்ட் நமக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. நாட்-பிஎம்பி என்ற, போர்ட்டைக் கேட்டுப் பெறும் முறையில் 60 நொடிக்கு மட்டும் கிடைக்கும் அதை, விபிஎன் செயலி ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். இரவில் ஒரு நிமிடம் மின்சாரம் போய் வந்தால் விபிஎன் தானாக இணைந்துவிடும். போர்ட் எண் மட்டும் மாறியிருக்கும். க்யூபிட்டொரண்டோ பழைய எண்ணிலேயே காத்துக்கிடக்கும். காலையில் பார்த்தால் கீழ்ப்பட்டையில், வெளியிலிருந்து யாரும் இணைய முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் தீச்சுடர்! புதிய எண்ணைத் தானாக இடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்தேன். விபிஎன் செயலியின் அடுத்த அப்டேட்டில், எண்ணைப் பதிந்துவைக்கும் ஃபைலின் இடம் மாறி, அதுவும் படுத்துவிட்டது. உதவிப் பிரிவுக்கு எழுதினால், "இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள்" என்கிறார்கள். நோயையே மருந்தாக எழுதித் தருபவர்களிடம் என்ன பேசுவது?

நியாயமாகச் சொன்னால், முறைகேடான பயன்பாட்டைக் காரணம் காட்டி முல்வாட், ஐவிபிஎன் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் 2023-இல் இந்த வசதியையே நிறுத்திவிட்ட பிறகு, இதைத் தருபவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஏர்விபிஎன் மாறாத போர்ட்டை ஒதுக்கித் தருவதால், நண்பரை அதைப் பார்க்கச் சொன்னேன். எதை வாங்கினாலும் க்யூபிட்டொரண்டின் மேம்பட்ட அமைப்பில் விபிஎன் இடைமுகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுமாறும் சொன்னேன். விபிஎன் அறுந்தால் டொரண்டும் நின்றுவிடும், வீட்டு ஐபி வெளியே தெரியாது.

நானும் மாறத்தான் வேண்டும். சென்ற ஆண்டும் இதையே சொல்லிவிட்டு, விலை குறைந்த அன்று சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.