ஆர்ஜிபியா சிஎம்ஒய்கேவா, டிசைன் எதுல பண்றது?

சித்திரைத் திருவிழா போஸ்டர் பண்ற நம்மூர் பசங்க நிறைய பேரு இதுலதான் குழம்புறாங்க, ஆர்ஜிபி ஸ்கிரீனுக்கான கலர் முறை, சிஎம்ஒய்கே அச்சுக்கான கலர் முறை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்.

கலர்: ஆர்ஜிபி வெளிச்சம், சிவப்பு பச்சை நீலம் மூணும் 0லருந்து 255 வரைக்கும், எல்லாத்தையும் ஃபுல்லா ஏத்துனா வெள்ளை.
சிஎம்ஒய்கே மை, சியான் மெஜந்தா மஞ்சள் கருப்பு, எதுவுமே அடிக்காத எடம்தான் வெள்ளை.

பளிச்சுன்னு தெரியுறது: சந்தேகமே இல்ல, ஆர்ஜிபி. ஆனா கள்ளழகரோட பச்சைப்பட்டை ஸ்கிரீன்ல கண்ணைப் பறிக்கிற பச்சையா வச்சு சிவகாசிக்கு அனுப்புனீங்கன்னா ஆஃப்செட் அச்சுல மங்கலாத்தான் வரும், மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லண்ணே, அந்தப் பச்சை இந்த நாலு மையில வராது.

சின்ன எழுத்து: இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறது. ஆர்ஜிபி கருப்பை அப்படியே சிஎம்ஒய்கேக்கு மாத்துனா நாலு மையும் கலந்துக்கும், அச்சுல ஒரு கலர் லேசா நகந்தாலும் ழ, ஞ சுழியெல்லாம் நிழலடிக்கும்.
சிஎம்ஒய்கேல கருப்பு மட்டும் 100 சதவீதம், மத்த மூணும் 0ன்னு வச்சா எழுத்து கத்தியா நிக்கும்.

ஃபைல் சைஸ்: ஆர்ஜிபி கொஞ்சம் சிறுசு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டான்னா ஆர்ஜிபி. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ்னா மொதல்லருந்தே சிஎம்ஒய்கே. ஃப்ளெக்ஸ்னா கடைக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, சில பேரு ஆர்ஜிபியாவே வாங்கி அவங்களே மாத்திக்குவாங்க.