அடர்த்திக் கணக்குக்கு ஒரு தராசு, ஒரு அளவு ஜாடி: நான்கு வருட அனுபவம்

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அடர்த்தி = நிறை ÷ பருமன் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள்; கையில் பொருளைக் கொடுத்தால் முழிப்பார்கள். அதற்காகத்தான் 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசும் 100 மி.லி. பிளாஸ்டிக் அளவு ஜாடியும் வாங்கினேன். (முதலில் வாங்கிய கண்ணாடி ஜாடி மூன்றாம் மாதமே உடைந்தது.)

தராசில் ஒரே தொல்லை, தானாக அணைந்துவிடும். ஜாடியை வைத்துப் பூஜ்யமாக்கி நிதானமாக ஊற்றிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் போச்சு. மறுபடி ஆன் செய்ததும் எல்லாவற்றையும் சேர்த்தே பூஜ்யம் என்று காட்டும். மற்றபடி நல்ல உழைப்பு.

முதல் நாள் எப்போதும் தேங்காய் எண்ணெய்தான். "கெட்டியா இருக்கே சார், தண்ணியைவிட கனமாத்தான் இருக்கும்" என்பார்கள். 100 மி.லி. ஊற்றினால் 92 கிராம். வகுத்தால் 0.92. அதே அளவு தேன் 140 கிராமைத் தாண்டும்போது அடுத்த சண்டை ஆரம்பிக்கும்.

திண்டாட்டமெல்லாம் ஜாடியில்தான். ஐந்து ரூபாய்க் காசு 6 கிராம். ஒரு காசைப் போட்டால் நீர்மட்டம் ஒரு கோடுகூட ஏறாது. பத்துக் காசு போட்டோம்: 60 கிராம், மட்டம் 50-லிருந்து 57. அடர்த்தி 8.57. பக்கத்தில் இருந்தவள் குனிந்து, நீர்ப்பரப்பு வளைவின் அடிமட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து, "57.5 சார்" என்றாள். அப்படிப் போட்டால் 8. அரை மி.லி. செய்யும் வேலை இது. காசுகளில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்ட பிறகு மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அலகு மாற்றத்துக்கு இந்த ஜாடி உதவாது. 2.7 கி/செ.மீ³ என்பதை 270 கி.கி/மீ³ என்று எழுதும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சென்டிமீட்டரை மீட்டராக்க 100, அதையே மூன்று முறை பெருக்க வேண்டும், கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுக்க வேண்டும் என்று கனசதுரம் வரைந்து காட்டினால்தான் 2700 வருகிறது.

புதிதாக வாங்குபவர்கள் தராசுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள், ஜாடிக்குச் செலவழியுங்கள். நானும் போன வருடம் ஒல்லியான 25 மி.லி. ஜாடி வாங்கினேன், அரை மி.லி.க்குக் கோடு. காசு உள்ளே போகவில்லை! இப்போது சைக்கிள் கடையில் வாங்கிய இரும்பு நட்டுகள்தான்: 39 கிராம், 5 மி.லி.