கிளிப் 2 வருஷம், ரிடெய்னர் 5 வருஷம்: என் அனுபவம்

எனக்குப் பல்லில் கிளிப் போட்டது 2018 செப்டம்பரில். அப்போது வயது 26. கழற்றியது 2020 டிசம்பரில். அதற்குப் பிறகு 5 வருஷமாக ரிடெய்னர், அதாவது நகர்த்திய பல் பழைய இடத்துக்குப் போகாமல் பிடித்து வைப்பது. கிளிப் போடலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி: வலிக்குமா, எவ்வளவு ஆகும்? வயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் 3 நாள் வலிக்கும். ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம் என்று ஓட்டிவிடலாம். செலவு, மதுரையில் எனக்கு 38,000 ரூபாய் ஆனது, தவணையில் கட்டினேன். கழற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று நானும் கேட்கவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

எனக்கு எத்துப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று 4 பல்லை எடுத்து இடம் உண்டாக்கி, முன்பல் வரிசையைப் பின்னால் இழுத்தார்கள். முதல் மாதம், சாப்பிட்டதும் நன்றாக வாய் கொப்பளித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டுவிட்டு, நாலு தடவை கொப்பளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. முதல் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். சாயங்காலம் வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், வயருக்கு மேல் பச்சைத் துணுக்குகள்; அதைவிட முக்கியமாக, பிராக்கெட்டை, அதாவது வயரைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னக் கட்டையை, சுற்றி வெண்மையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். கொப்பளித்தால் கீரை வேண்டுமானால் போகும், அந்தப் படலம் போகாது.

அந்தப் படலத்தில் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிராக்கெட் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் பசைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். சுற்றிலும் எனாமல் சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிடும். கழற்றும் நாளில் பல் வரிசையாக நிற்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சதுரத்தின் ஓரம் தெரியும். எனக்குக் கீழ்க் கோரைப்பல் இரண்டிலும் அந்தக் கோடு இன்னமும் இருக்கிறது, இரண்டுமே முதல் மாத அலட்சியத்தின் அடையாளம். மற்ற பற்களில் வராமல் தப்பித்ததற்குக் காரணம், இரண்டாம் மாதத்திலிருந்து ஸ்டாஃப் ரூமில் வைத்துக்கொண்ட ஒரு சின்ன ஜிப் பை.

அதில் இருந்தவை: கிளிப் போட்டவர்களுக்கென்று நடுவில் பள்ளம் வைத்த ஆர்த்தோ பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், இன்டர்டென்டல் பிரஷ், கைக்கண்ணாடி. பிரஷைப் பிராக்கெட்டுக்கு மேலே சாய்த்துக் கீழ்நோக்கி ஒரு சுற்று, கீழே சாய்த்து மேல்நோக்கி ஒரு சுற்று. பிறகு இன்டர்டென்டல் பிரஷை, பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி மாதிரி இருக்குமே அதை, வயருக்கு அடியில் நுழைத்து ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். மொத்தம் 5 நிமிஷம். பல்லிடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசரும் 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். அது உணவுத் துணுக்கை நன்றாகத் தள்ளுகிறது, ஆனால் ஒட்டிய படலத்தை என் அனுபவத்தில் எடுக்கவில்லை. பணம் குறைவாக இருந்தால் இன்டர்டென்டல் பிரஷே போதும்.

பிராக்கெட்டில் மாட்டும் சின்ன ரப்பர் வளையம் வெள்ளையோ கண்ணாடி நிறமோ வேண்டாம். நம் வீட்டுச் சாம்பார் மஞ்சளுக்கு இரண்டு நாள் தாங்காது. சாம்பல் அல்லது கருநீலம் கேளுங்கள். கோகுலாஷ்டமி சீடை ஒன்றே ஒன்று கடித்து ஒரு பிராக்கெட் பெயர்ந்தது. முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய் மூன்றையும் அதோடு விட்டேன். கொய்யாவை மெல்லிசாக நறுக்கிச் சாப்பிடலாம்.

மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு மாட்டும் இழுவை ரப்பரான எலாஸ்டிக்கில் நான் ஏமாற்றியிருக்கிறேன். சாப்பிடும் நேரம், பல் தேய்க்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும், பழசுக்கு இழுவை போய்விடும். வகுப்பில் வாய் திறக்கச் சங்கடமாக இருக்கிறதென்று ஒரு மாதம் இரவில் மட்டும் போட்டேன். அந்த மாதம் பல் நகரவே இல்லை. டாக்டர் வாயைப் பார்த்ததுமே, "டீச்சர், ரப்பர் போடலையா?" என்று கேட்டுவிட்டார்.

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தபோது எனக்கு இடைவெளி மூடிக்கொண்டிருந்த நேரம். முன்பல் பின்னால் வர வர, வயரின் நுனி கடைசிப் பல்லுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போகும். மாதா மாதம் டாக்டர் வெட்டிவிடுவார். கிளினிக் பூட்டியிருந்ததால் நுனி கன்னத்தைக் குத்தி, சோறு விழுங்கினாலே கண்ணில் நீர் வந்தது. போனில் டாக்டர் சொன்னபடி, பஞ்சால் அந்த இடத்தை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, கிளிப் குத்தாமலிருக்க வைக்கும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்தி வைத்தேன். ஈரத்தின் மேல் வைத்தால் 10 நிமிஷத்தில் வந்துவிடும். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். கையில் இருந்தது அரை டப்பா மெழுகு. அதைக் கிள்ளிக் கிள்ளித்தான் கிளினிக் திறக்கும்வரை ஓட்டினேன். மெழுகு எப்போதும் இரண்டு டப்பா வாங்கி வையுங்கள்.

டிசம்பரில் கழற்றியதும் மேலே ஹாலி ரிடெய்னர், அதாவது அண்ணத்தில் படியும் அக்ரிலிக் தட்டும் முன்பல்லைச் சுற்றி ஒரு கம்பியும். கீழே பல்லின் உள்பக்கம் ஒட்டிய நிரந்தரக் கம்பி. நகர்த்திய பல்லைச் சுற்றியுள்ள எலும்பு இறுக மாதங்கள் ஆகும். ஈறு நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும், அவை அடங்க ஒரு வருஷமாவது வேண்டும். அதனால் முதல் 6 மாதம் முழு நேரமும், பிறகு இரவில் மட்டும் என்றார் டாக்டர்.

2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. முகக்கவசத்துக்குள் ரிடெய்னரோடு செய்யுள் வாசித்தால் ழகரத்துக்கு நாக்கு மடங்கவில்லை, சகரம் எல்லாம் காற்றாகப் போனது. தினமும் இரவு 20 நிமிஷம் சத்தமாக வாசித்தேன். பத்து நாளில் சரியாகிவிட்டது. பேச்சுக்காகக் கழற்றி வைக்காதீர்கள், நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும்.

அடுத்த மாதமே அதைத் தொலைத்தேன். உறவுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ரிடெய்னரைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, இலை ஓரமாக வைத்தேன். டப்பா வீட்டில். பக்கத்தில் பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தார். பாயசம் முடித்து இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் வாயைப் பார்த்ததும்தான் உறைத்தது. திரும்பி ஓடினால் மேசையில் அடுத்த பந்திக்குப் புதுத் தாள் விரித்திருந்தார்கள். பரிமாறிய தம்பி ஒருவர், "என்னக்கா தேடுறீங்க?" என்று கேட்டு, என்னோடு சேர்ந்து மண்டபத்துப் பின்பக்கம் இலைக் குவியலைக் கிளறினார். அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை.

அப்போது பாதிச் சம்பளம்தான். புதுசுக்கு 4,500 ரூபாய் என்றதும் 5 வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் மேல் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியது. பல் எடுத்த இடத்தில் நூலிழை இடைவெளி விழுந்தது. புது ரிடெய்னர் அந்த நிலைக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டது. 27 மாதம் பொறுத்துப் பெற்றதில் ஒரு துளி அந்த 5 வாரத்தில் போனது, இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது தட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகள் பிரஷ். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், கீறலில் அழுக்கு சேரும். வெந்நீர் கூடவே கூடாது, தட்டு வளைந்தால் பல்லில் உட்காராது. வாரம் ஒரு முறை பல்செட்டுக்கு விற்கும் மாத்திரையைக் கரைத்து ஊறவைக்கிறேன். டப்பா பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். கைப்பையில் இன்னொரு டப்பா எப்போதும் உண்டு. சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் மட்டும் வைப்பதில்லை.

கீழ்க் கம்பியில் வேறு வேலை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து வரும் இடம் என்பதால் அங்கே பற்காரை சீக்கிரம் கட்டும். நூலைக் கம்பிக்கு அடியில் கோத்து இழுக்கிறேன், 6 மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காரையை எடுக்கும் ஸ்கேலிங். ஒரு முறை ஓரப் பல்லில் பசை விட்டிருந்தது, வலியே இல்லாததால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது நாக்கால் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

போன மாதம் காய்ச்சலில் 4 இரவு ரிடெய்னர் போடவில்லை. ஐந்தாம் இரவு போட்டால் முன்பல்லில் இறுக்கிப் பிடித்தது, இரண்டு நாளில் சரியானது. தட்டின் ஒரு பக்கக் கொக்கியும் தளர்ந்து வருகிறது. அடுத்த தட்டுக்காக மாதம் 300 ரூபாய் எடுத்து வைக்கிறேன்.