கொலனோஸ்கோபிக்குத் தனி கிளினிக்கா, பெரிய மருத்துவமனையா?

ஐந்து மாத இடைவெளியில் இரண்டு முறை கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொண்டேன். முதலாவது, எல்லாத் துறைகளும் இருக்கிற ஒரு பெரிய மருத்துவமனையில். இரண்டாவது, வயிறு, குடல், கல்லீரல் மட்டுமே பார்க்கிற ஒரு தனி கிளினிக்கில். முதல் முறை சரியாக நடந்திருந்தால் இரண்டாவதற்கு வேலையே இருந்திருக்காது. அதனால் என் மனம் கிளினிக் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 62. படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து மிகக் குறைவு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, "மேலேயும் கீழேயும் ஸ்கோப் பார்த்துடுங்க" என்றார். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்தால், வாய் வழியாக ஒன்று, ஆசனவாய் வழியாக ஒன்று என இரண்டு ஸ்கோப்பும் பார்ப்பதுதான் முறை. உணவுப்பாதையில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுகச் சிறுக ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கருவிகள் இரண்டிலும் நல்லவை. மயக்க மருந்து இரண்டிலும் வலி தெரியாமல் வேலை செய்தது. ஸ்கோப்பை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டேன். கசிவு இருக்கிறதா என்று பார்த்து, உள்குழாயைக் கையால் பிரஷ் போட்டுத் தேய்த்து, அப்புறம் இயந்திரத்தில் கிருமி நீக்கி, காயவைத்து நெடுக்காகத் தொங்கவிடுகிறோம் என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில். காத்திருக்கும் நேரம் கிளினிக்கில் குறைவு. ஆனால் ஒரு நாள் வேலைக்காக அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

என் விஷயத்தில் முடிவைத் தீர்மானித்தது குடலைச் சுத்தம் செய்யும் வேலை. கொலனோஸ்கோபி என்றால் எல்லோரும் குழாயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் குழாய் உள்ளே போவதற்கு முந்தைய பதினைந்து மணி நேரம்தான் பரிசோதனையின் பாதி. அந்தப் பாதியை நோயாளி தன் வீட்டில், தன் கழிப்பறையில் செய்கிறார். அவரை அங்கே வழிநடத்த ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய மருத்துவமனையில், தேதி குறித்துக் கொடுத்த கவுன்ட்டரிலேயே பேதி மருந்துப் பொட்டலங்களையும் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார்கள். முந்தின நாள் மாலை 5 மணியிலிருந்து 8 மணிக்குள் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்றது அந்தத் தாள். ஸ்கோப் மறுநாள் காலை 11.30-க்கு. தாளில் இருந்தபடி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இரவு 11 மணிக்கெல்லாம் வயிறு அடங்கிவிட்டது, நிம்மதியாகத் தூங்கினேன். அது நல்ல அறிகுறி என்றே நினைத்தேன்.

இரைப்பையும் முன்சிறுகுடலும் சரியாக இருந்தன. கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டிலோ, வலது பக்கப் பெருங்குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, மறுபடி செய்ய வேண்டும் என்று இரண்டே வரி. ஏன் அப்படி ஆனது என்று அங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை.

காரணம் இரண்டு என்று பின்னால் புரிந்தது. ஒன்று, நான் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த இரும்புச்சத்து மாத்திரை. அது மலத்தைக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஆக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். அதனால் ஸ்கோப்புக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். ரத்தசோகைக்காக ஸ்கோப் பார்க்க வருகிறவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார், இல்லையா? ஆனாலும் யாரும் கேட்கவில்லை. தாளிலும் இல்லை.

இரண்டாவது, நேரம். பேதி மருந்து முழுவதையும் மாலையிலேயே குடித்துவிட்டால் குடல் அப்போதைக்குத்தான் சுத்தமாக இருக்கும். அதற்குப் பிறகு இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கி, பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், அதாவது வலது பக்கத்தில், பூச்சு மாதிரி படியும். குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டிகளைப் பாலிப் என்பார்கள்; அவற்றில் தட்டையானவை பெரும்பாலும் இருப்பது அந்தப் பக்கம்தான். பூச்சுக்கு அடியில் அவை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பாதியை முந்தின மாலையும், மீதிப் பாதியை ஸ்கோப்புக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாக முடிக்கச் சொல்கிறார்கள்.

கிளினிக்கில் தேதி குறித்ததும், ஸ்கோப்புக்கு எட்டு நாள் முன்னால் ஒரு நர்ஸ் போன் செய்தார். "சார், தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? டப்பாவைக் கையில எடுத்துவச்சுக்கிட்டுப் பேரைப் படிங்க" என்றார். மூன்றாவது பெயரைப் படித்ததுமே, "இதை நாளையிலிருந்து நிறுத்திடுங்க, ஸ்கோப் முடிஞ்சதும் டாக்டர் சொல்வார்" என்றார். முதல் இடத்தில் தவறியது அந்த ஒரு நிமிடப் பேச்சுதான்.

காலை 10 மணிக்கு ஸ்கோப் என்பதால், மருந்தின் இரண்டாவது பாதிக்காக விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைக்க வேண்டியிருந்தது. சங்கடம்தான், மறுக்கவில்லை. குமட்டியது. வருவது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்த நர்ஸ் முன்பே விளக்கியிருந்தார்: வெளிர் மஞ்சளாக, அடியில் துகள் இல்லாமல், பீங்கான் தெரிய வேண்டும். 5.40-க்குப் பார்த்தால் இன்னும் கலங்கலாக இருந்தது. பதறிப்போய் அவர் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "இன்னும் குடிக்க வேண்டிய மருந்து பாக்கி இருக்கே சார், முடிச்சுட்டுப் பாருங்க" என்றார். ஏழரை மணிக்குப் பீங்கான் தெரிந்தது.

குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்கு மதிப்பெண் உண்டு. பாஸ்டன் அளவுகோல் என்பார்கள். வலது, நடு, இடது என மூன்று பகுதிக்கும் தலா 3, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 வாங்கினால்தான் பார்த்ததை நம்பலாம். கிளினிக் ரிப்போர்ட்டில் எனக்கு 8. பெருங்குடல் தொடங்கும் இடத்திலேயே ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் சிவப்பாக, சிலந்திக்கால் போல விரிந்த ரத்தக்குழாய்த் திரள் ஒன்று இருந்தது. கசிவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று, ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் செலுத்தி அங்கேயே பொசுக்கிவிட்டார்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால், உள்ளே தேங்கிய வாயு தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் அந்தச் சிகிச்சையையே தொடங்க மாட்டார்களாம். கொஞ்சம் தள்ளி ஒரு தட்டையான பாலிப். அதையும் கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். இரண்டும் வலது பக்கம். முதல் ரிப்போர்ட் சரியாகத் தெரியவில்லை என்று எழுதிய அதே பக்கம்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணையும் பார்த்தேன்: ஸ்கோப்பை வெளியே இழுத்துக்கொண்டே பார்த்த நேரம், 11 நிமிடம். உள்ளே போகும்போது அல்ல, திரும்பி வரும்போதுதான் டாக்டர் நிதானமாகத் தேடுகிறார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் ஒரு தனியார் குடல் மருத்துவக் குழுவின் 12 டாக்டர்களை வைத்து 2006-ல் வெளிவந்த ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. திரும்பி வர சராசரியாக ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்கள், அதைவிடக் குறைவாக எடுத்தவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். என் முதல் ரிப்போர்ட்டில் அந்த எண்ணே இல்லை.

அப்புறம், பேச்சு. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொல்வது பாதி மனதில் நிற்காது. மிடசோலாம் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் கண் விழித்துத் தலையாட்டியிருப்போம், ஒன்றும் ஞாபகம் இருக்காது. கிளினிக்கில் என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படங்களைக் காட்டிச் சொன்னார்கள். மறுநாள் போனிலும் ஒருமுறை. என்னை முதலில் பரிசோதித்தவர், ஸ்கோப் செய்தவர், பயாப்சி (எடுத்த திசுவின் பரிசோதனை) முடிவைப் படித்துச் சொன்னவர் மூவரும் ஒரே டாக்டர். பெரிய மருத்துவமனையில் மூன்று பேர்.

ஒரேயொரு மருத்துவமனையையும் ஒரேயொரு கிளினிக்கையும் பார்த்த அனுபவம்தான் இது. மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்து, நர்ஸே கூப்பிட்டு விசாரிக்கிற பெரிய மருத்துவமனைகளும் உண்டு, தாளைக் கொடுத்து அனுப்பிவிடும் கிளினிக்குகளும் உண்டு. அதனால் தேதி குறிக்கும் முன் போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: மருந்தின் இரண்டாவது பாதியை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும்? விடியற்காலையில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? தயங்காமல் பதில் வருகிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் பிரச்சினை இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாக எதையும் நிறுத்தாமல், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே போவது நல்லது. ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரிய மருத்துவமனைதான். பித்தநாளத்துக்குள் செய்யும் ஸ்கோப் எனக்கு நடந்ததில்லை, அருகிலிருந்து பார்த்ததோடு சரி. என் மைத்துனருக்குப் பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தபோது, இதே கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இதை நான் இங்கே செய்யக்கூடாது" என்று சொல்லி, பெரிய மருத்துவமனையில் அதைச் செய்யும் டாக்டருக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்தார். அன்று மாலையே அங்கே கல்லை எடுத்துவிட்டார்கள்.