ஆட்டோகேடின் தனிப்பயன் ஹேட்ச் வசதி: எழுத எளிது, பிழை தேடக் கடினம்

கணினி வரைவு மென்பொருளான ஆட்டோகேடுடன் வரும் ஹேட்ச் பேட்டர்ன்கள், அதாவது ஒரு பரப்பை நிரப்பும் கோட்டு வடிவங்கள், செங்கல், கான்கிரீட், மண், உலோக வெட்டுமுகம் போன்ற வழக்கமான தேவைகளுக்குப் போதுமானவை. குறிப்பிட்ட அளவில் தரை ஓடு, வழக்கத்துக்கு மாறான தளவரிசை, வரைவு நெறிகள் கேட்கும் தனிக் குறியீடு என்று வரும்போதுதான் நாமே ஒரு பேட்டர்ன் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கென மென்பொருள் தரும் பேட் (.pat) கோப்பு முறையை இங்கு மதிப்பிடுகிறேன். எழுதும் முறையில் எனக்குக் குறையில்லை. எழுதியது தவறானால், தவறு எங்கே என்று காட்டும் உதவிதான் மிகவும் குறைவு.

பேட் கோப்பு என்பது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. நட்சத்திரக் குறியுடன் பேட்டர்னின் பெயர் முதல் வரியில் வரும். அடுத்து வரும் ஒவ்வொரு வரியும் ஒரு இணைகோட்டுக் குடும்பம். அந்த வரியில் கோணம், தொடக்கப் புள்ளியின் இரண்டு ஆயங்கள், இரண்டு நகர்வுகள், பிறகு தேவையானால் கோட்டுத்துண்டுகளின் நீளம் ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும். நீளம் நேர்மமானால் கோடு, எதிர்மமானால் இடைவெளி, சுழியமானால் புள்ளி. ஒரு வரியில் இப்படி ஆறு நீளங்கள் வரை தரலாம். 200க்கு 100 அளவுள்ள செங்கல் வரிசைக்கு ‘0,0,0,0,100’ என்றும் ‘90,0,0,100,100,100,-100’ என்றும் இரண்டே வரிகள் போதும். இந்தச் சிக்கனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அந்த இரண்டாவது வரியிலேயே பலரும் தடுக்கி விழுகிறார்கள். நகர்வு என்று குறிப்பிடப்படும் முதல் எண், வரைபடத்தின் எக்ஸ் அச்சில் அளக்கப்படுவதில்லை. அந்தக் கோடு செல்லும் திசையில் அளக்கப்படுகிறது. இரண்டாவது எண் அக்கோட்டுக்குச் செங்குத்தான தூரம். 90 பாகைக் கோட்டுக்கு ‘முதல் நகர்வு 100’ என்றால், அடுத்த கோடு 100 அலகு மேலே ஏறித் தொடங்குகிறது என்று பொருள். முழுக்கோடாக இருக்கும் வரை இந்த எண்ணில் என்ன தவறு செய்தாலும் வெளியே தெரியாது. துண்டுக்கோடாக மாற்றியவுடன் செங்கற்கள் கலைந்து நிற்கும்.

சாய்கோடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஓர் அலகுச் சதுரக் கட்டத்தில், கீழ் இடது மூலையிலிருந்து வலப்பக்கத்தின் நடுப்புள்ளிவரை ஒரு கோடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான வரி ‘26.565051,0,0,1.3416408,0.4472136,1.118034,-1.118034’ என்று அமைய வேண்டும். இந்த எண்கள் அனைத்தும் ஐந்தின் வர்க்கமூலத்திலிருந்து பிறந்தவை. ஆகவே எந்த இடத்தில் தசமத்தை வெட்டினாலும் பிழை புகும். 1.118034 என்பதை 1.12 என்று சுருக்கினால் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 0.004 அலகுதான் வேறுபாடு. ஆனால் நூறாவது சுழற்சியில் அது 0.39 அலகாகச் சேர்ந்துவிடும்; கோடு தன் கட்டத்தை விட்டே வெளியேறி நிற்கும். சிறிய முன்னோட்டத்தில் ஒழுங்காகத் தெரிந்த பேட்டர்ன் பெரிய பரப்பில் சிதறுவதற்கு, என் அனுபவத்தில், பெரும்பாலும் இதுவே காரணம். இலவசமாகப் பகிரப்படும் கோப்புகள் பலவற்றில் இரண்டு தசமத்தோடு நிறுத்தியிருப்பதைக் காணலாம். அவற்றை எழுதியவர்கள் சிறிய சதுரத்தில் மட்டும் சோதித்திருப்பார்கள் போலும்.

நிரப்பும் பரப்பு வரைபடத்தின் ஆதியிலிருந்து (0,0 புள்ளியிலிருந்து) வெகுதொலைவில் இருக்கும்போது கோடுகள் ஒழுங்கு தவறுவதும் இதே இனத்தைச் சேர்ந்த சிக்கல்தான். நில அளவை ஆயங்களுடன் வரையும்போது எண்கள் லட்சக்கணக்கில் செல்வதால், கோப்பில் உள்ள சிறு பிழை அங்கே பெருகி நிற்கும். மென்பொருளின் கணக்கீட்டுத் துல்லியமும் ஓரளவு இழக்கப்படும். எச்.பி.ஒரிஜின் என்ற மாறியின் (மென்பொருள் அமைப்பின்) மூலம் ஹேட்ச் ஆதியை, அதாவது பேட்டர்ன் தொடங்கும் புள்ளியை, அந்தப் பரப்பின் அருகிலேயே அமைத்தால், பெரும்பாலான நேரங்களில் கோடுகள் சீராகிவிடும். கோப்பில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

பேட்டர்ன் பட்டியலிலேயே தோன்றவில்லை என்றால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். தனிக் கோப்பாக வைத்தால் கோப்பின் பெயரும் உள்ளே நட்சத்திரத்துக்குப் பின் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரே பேட்டர்ன்தான் இருக்கலாம். கோப்பு இருக்கும் ஃபோல்டர், மென்பொருள் கோப்புகளைத் தேடும் சப்போர்ட் பாதைப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்தால் அந்த வரி சரியாகப் படிக்கப்படாது. நோட்பேட் ஓசையின்றிப் பெயரின் இறுதியில் ‘.டெக்ஸ்ட்’ நீட்சியைச் சேர்த்துவிடுவதும் உண்டு. விண்டோஸ் நீட்சிகளை மறைத்து வைத்திருப்பதால் அது கண்ணில் படாது. இவற்றில் எதைத் தவறவிட்டீர்கள் என்று மென்பொருள் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை மிச்சமாகும்.

‘இடைவெளி மிக நெருக்கம்’ என்ற பொருளில் வரும் எச்சரிக்கை மட்டும் ஓரளவு பயனுள்ளது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அலகுக் குழப்பமே. மெஷர்மென்ட் மாறி 0 ஆனால் அங்குலக் கோப்பும், 1 ஆனால் மெட்ரிக் கோப்பும் பயன்படுத்தப்படும். இரண்டுக்கும் இடையே 25.4 மடங்கு வேறுபாடு உண்டு. ஏ.என்.எஸ்.ஐ. 31 என்ற சாய்கோட்டு பேட்டர்னின் கோட்டு இடைவெளி ஒன்றில் 0.125, மற்றொன்றில் 3.175. ஹேட்ச் கோடுகளின் உச்ச எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் எச்.பி.மேக்ஸ்லைன்ஸ் மாறியைக் கூட்டி எச்சரிக்கையை அடக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவுவிகிதம் தவறாக இருக்கும்போது அது வரைபடத்தைக் கனமாக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

பேட்டர்னின் வரையறை ஒவ்வொரு ஹேட்சுக்குள்ளும் சேமிக்கப்படுவது இந்த வசதியின் நல்ல பக்கம்: பேட் கோப்பு இல்லாத கணினியிலும் வரைபடம் சரியாகவே தெரியும். அதே காரணத்தால், கோப்பைத் திருத்தினாலும் ஏற்கெனவே வரைந்த ஹேட்ச்கள் மாறுவதில்லை. திருத்தம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுமுன் புதிய பரப்பில் ஒருமுறை நிரப்பிப் பார்க்க வேண்டும்.

வளைகோடுகளுக்கு இந்த முறையில் இடமே இல்லை. வட்டம் வேண்டுமானால் சிறு நேர்கோடுகளாக உடைத்து எழுத வேண்டும். அது பயனுக்கு மீறிய உழைப்பு. ஆட்டோகேடின் துணைக் கருவித் தொகுப்பான எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள சூப்பர்ஹேட்ச் ஒரு பிளாக்கையோ (ஒரே பொருளாகச் சேமித்த வரைவையோ) படத்தையோ பரப்பில் அடுக்கித் தருகிறது. அது உண்மையான ஹேட்ச் அன்று. எல்லை மாறினால் தானாக மாறாது. கூழாங்கல் தளம், இலை வடிவம் போன்றவற்றுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். எழுதிய பேட் கோப்பைக் கட்டட மாதிரி மென்பொருளான ரெவிட்டுக்கும் கொண்டுசெல்லும் எண்ணம் இருந்தால், அலகையும், மாடலா (உண்மை அளவு) டிராஃப்டிங்கா (தாள் அளவு) என்ற வகையையும் குறிக்கும் வரிகளை முதலிலேயே சேர்த்துவிடலாம். அவை அரைப்புள்ளியில் தொடங்குவதால் ஆட்டோகேட் அவற்றை வெறும் குறிப்பாகக் கருதிக் கடந்துவிடும்.