மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொல்லை வழக்கு: ஐந்துக்கு மூன்று ஸ்டார்

என் தங்கையை ஒருத்தன் விடாமல் பின்தொடர்ந்தான். பஸ் ஸ்டாப், ஆபீஸ் வாசல்; பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து வாட்ஸ்அப். பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 78-வது பிரிவில் எஃப்ஐஆர் போட்டு, இப்போது சாட்சி விசாரணை வரை வந்திருக்கிறது. கூடவே போய்வரும் அக்கா எழுதும் விமர்சனம் இது. எந்த ஊர் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை.

இலவச சட்ட உதவிக்கு முழு ஐந்து ஸ்டார். பெண் என்றால் வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே அப்படித்தான். 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வழக்கை நடத்துவது அரசு வக்கீல், அதாவது ஏபிபி. நம் வக்கீல் அவருக்கு எடுத்துக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் முன் ரகசிய வாக்குமூலமும் நன்றாகவே நடந்தது. கூடியவரை பெண் மாஜிஸ்திரேட்தான் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 183-வது பிரிவு சொல்கிறது. கூட வந்த பெண் ஏட்டை வெளியே அனுப்பிவிட்டு, "அவசரமில்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாராம்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட் விவகாரம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பாகத்தில் போனை வைத்திருப்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து, ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் வேறு. அதனால் சாட்டை அழிக்காதீர்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டார் குறைவது வாய்தாவில். எதிரி வரவில்லை என்று ஒரு மனு, அவன் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்று ஒரு மனு. தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் இரண்டு ஒத்திவைப்புக்கு மேல் கூடாது என்று அதே விசாரணை முறைச் சட்டத்தின் 346-வது பிரிவில் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான்.

வராண்டா இன்னும் மோசம். டவாலி பெயரைக் கூப்பிடும் வரை எதிரியும் அவன் ஆட்களும் நிற்கும் அதே தூண் பக்கம்தான் நாங்களும் நிற்கவேண்டும். "பையன் எதிர்காலம் பாழாயிடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று அவன் மாமா ஆரம்பித்ததும் அங்கேதான். 78-வது பிரிவு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை என்று எங்கள் வக்கீலம்மா சொன்னதும் ஆள் நகர்ந்துவிட்டார்.

குறுக்கு விசாரணையும் எல்லோர் முன்னாலும்தான். மூடிய அறை விசாரணை கட்டாயம் என்பது பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு. "பிளாக் பண்ணின நம்பரை ஏன் திரும்ப அன்பிளாக் பண்ணீங்க?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினார். "போலீஸ் ஸ்டேஷன்ல மெசேஜைக் காட்டச் சொன்னாங்க சார்" என்றாள். மாஜிஸ்திரேட் அவரை நிறுத்தி, அந்தப் பதிலை அப்படியே டைப் செய்யச் சொன்னார். எனக்கு அங்கேயே விசில் அடிக்கத் தோன்றியது. அடித்திருந்தால் என் மேல் தனி வழக்கு வந்திருக்கும்.

விசாரணை அதிகாரியின் சாட்சியம் இன்னும் பாக்கி. அடுத்த தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்பில் சிஎன்ஆர் எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி எண்) போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். பெண் சாட்சிகள் காத்திருக்க ஒரு தனி அறை ஒதுக்கினால் நான்காவது ஸ்டாரும் தரத் தயார்.